சர்வரை அப்கிரேட் செய்ததும் மெயில் ஸ்பாமில் விழுந்தால்

வாசகத்தை மாற்றி மாற்றி அனுப்பிப் பார்க்காதீர்கள். நேற்றுவரை இன்பாக்ஸுக்குப் போன அதே வாசகம்தானே! ஒரு ஜிமெயில் முகவரிக்குச் சோதனை மெயில் அனுப்பி, அதன் மூல வடிவத்தைத் திறங்கள். எஸ்பிஎஃப் (உங்கள் டொமைன் பெயரில் அனுப்ப அனுமதியுள்ள ஐபிகளின் பட்டியல்), டிகிம் (மெயிலில் சர்வர் இடும் டிஜிட்டல் கையெழுத்து), டிமார்க் (இவற்றில் ஒன்றாவது அனுப்புநர் டொமைனோடு பொருந்துகிறதா என்ற சோதனை) மூன்றும் பாஸா, எந்த ஐபியிலிருந்து வந்திருக்கிறது என்று அங்கேயே எழுதியிருக்கும்.

அந்த ஐபி நீளமான ஐபிவி6 முகவரியாக இருந்தால், பெரும்பாலும் கோளாறு அதுதான். பழைய சர்வரில் ஐபிவி6 இல்லாமல் இருந்திருக்கும். புதியதில் தானாக இயங்கத் தொடங்கியிருக்கும். அந்த முகவரிக்கு பிடிஆர் பதிவும் (ஐபிக்கு உரிய பெயரைக் காட்டும் டிஎன்எஸ் பதிவு) இருக்காது, எஸ்பிஎஃப்பிலும் இடம் இருக்காது. பிடிஆரை உங்கள் டொமைனின் டிஎன்எஸ்ஸில் போட முடியாது, ஐபியைக் கொடுத்த ஹோஸ்டிங் நிறுவனத்திடம்தான் கேட்க வேண்டும். அதுவரை போஸ்ட்ஃபிக்ஸை (சர்வரில் மெயில் அனுப்பும் மென்பொருள்) ஐபிவி4-க்கு மட்டும் கட்டிவிடலாம். இந்த மாற்றத்துக்கு ரீலோட் போதாது. நிறுத்திவிட்டுத் தொடங்க வேண்டும்.

பிடிஆர் காட்டும் பெயர் திரும்ப அதே ஐபிக்கே வர வேண்டும். ஹெலோவில் (இன்னொரு சர்வரோடு இணையும்போது சொல்லும் அறிமுகத்தில்) சர்வர் சொல்லும் பெயரும் அதுவாகவே இருப்பது நல்லது. அப்கிரேடில் கான்ஃபிக் கோப்பு புதிதாக எழுதப்பட்டிருந்தால் அங்கே ‘லோக்கல்ஹோஸ்ட்’ உட்கார்ந்திருக்கலாம்.

எஸ்பிஎஃப்பில் புதிய ஐபியைச் சேர்க்கும்போது இரண்டாவது பதிவு போட்டுவிடாதீர்கள். ஒரு டொமைனுக்கு இரண்டு பதிவு இருந்தால் இரண்டுமே செல்லாது. அந்தப் பதிவைப் படிக்கத் தேவைப்படும் டிஎன்எஸ் தேடல்களும் 10-ஐத் தாண்டக் கூடாது. நேரடியாக எழுதும் ஐபிகள் இந்தக் கணக்கில் வராது.

டிகிம் கோளாறு சத்தம் போடாது, அதனால்தான் தலைவலி. டெபியன் லினக்ஸில் போஸ்ட்ஃபிக்ஸ் தன் ஸ்பூல் அடைவுக்குள் (மெயில் வரிசை இருக்கும் அடைவு) அடைபட்டு ஓடும்படி அமைந்திருந்தால், டிகிம் கையெழுத்திடும் ஓபன்டிகிம்மின் சாக்கெட் (இரண்டும் பேசிக்கொள்ளும் கோப்பு) அதற்கு வெளியே இருக்கும்போது கண்ணில் படாது. மில்டர் (போஸ்ட்ஃபிக்ஸோடு இணையும் துணை நிரல், இங்கே ஓபன்டிகிம்) கிடைக்காவிட்டாலும் மெயிலை ஏற்றுக்கொள் என்று அமைத்திருந்தால், கையெழுத்து இல்லாமலே எல்லாம் போய்க்கொண்டிருக்கும். வெளியிலிருந்து லாகின் செய்து அனுப்பினால் கையெழுத்து இருக்கிறது, வலைத்தளத்திலிருந்து போகும் மெயிலில் மட்டும் இல்லை என்றால், எஸ்எம்டிபி வழியே வராத மெயில்களுக்கான மில்டர் வரி விடுபட்டிருக்கிறது.

மூன்றும் பாஸ் ஆகியும் ஸ்பாமா? ஐபியும் மாறியிருந்தால் அதற்கு இன்னும் நற்பெயர் சேரவில்லை. தடைப்பட்டியல்களில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, சில நாள் குறைவாக அனுப்புங்கள். மொத்த மெயில் வேண்டாம். பழைய ஐபியை எஸ்பிஎஃப்பிலிருந்து உடனே நீக்கவும் வேண்டாம்: பழைய சர்வரின் வரிசையில் தேங்கிய மெயில்களை போஸ்ட்ஃபிக்ஸ் இயல்பாக 5 நாள் வரை அனுப்பப் பார்க்கும்.