2 கிலோமீட்டர் ஆழத்தில் முதல் வேலை, குளியல்!

கனடாவின் சட்பரிக்குப் போய், பூமிக்கடியில் அபூர்வத் துகள்களைத் தேடும் இயற்பியல் ஆய்வகமான ஸ்னோலேப் பார்க்க ஆசைப்படுபவர்களுக்கு முதலில் ஒன்று: டிக்கெட் வாங்கி இறங்குகிற இடம் இல்லை அது. நிக்கல் வெட்டிக்கொண்டிருக்கும் கிரெய்ட்டன் சுரங்கத்துக்குள் இருக்கிறது. அனுமதி உள்ளவர்களுக்கு மட்டும்தான். கிடைக்காதவர்கள் ஊருக்குள் இருக்கும் டைனமிக் எர்த்தில் சுரங்கச் சுற்றுலா போகலாம். டொராண்டோவிலிருந்து 400 கிலோமீட்டர், பஸ்ஸில் அரை நாள் போய்விடும். சுரங்கம் ஊருக்கு வெளியே. இரண்டு மூன்று பேர் சேர்ந்து டாக்ஸி பிடித்தால் கை கடிக்காது. திரும்பி வருவதற்கும் வண்டி சொல்லி வையுங்கள்.

கேஜ், அதாவது சுரங்க லிஃப்ட், கிளம்பும் நேரத்தைத் தவறவிடவே கூடாது. விட்டால் அன்றைய வேலை போச்சு. 2070 மீட்டர் இறங்கும்போது காற்றழுத்தம் கால் பங்கு கூடுவதால் காது அடைக்கும். சளி பிடித்திருந்தால் இறங்காதீர்கள். கீழே பாறையின் சூடு 42 டிகிரி. பூட்ஸ், ஹெல்மெட், விளக்கோடு சேற்றிலும் தூசியிலும் சுமார் ஒன்றரை கிலோமீட்டர் நடை.

அதன்பிறகுதான் அதிசயம்! பூட்ஸைக் கழுவி, சுரங்க உடையைக் கழற்றி, தலைக்குக் குளித்து, நூல் உதிராத உடையும் தலைவலையும் போட்டால்தான் கதவு திறக்கும். அந்தப் பாறையில் பத்து லட்சத்தில் சில பங்கு அளவுக்கு யுரேனியமும் தோரியமும் உண்டு. தூசி ஒட்டினால் அதன் கதிர்வீச்சே கருவிக்குப் பொய்ச் சமிக்ஞையாகிவிடும். வானிலிருந்து வந்து இதேபோல் குழப்பும் மியூவான் என்ற துகள்களைப் பாறை பெரும்பாலும் தடுத்துவிடுகிறது: மேலே உள்ளங்கை வழியாக நொடிக்கு ஒன்று போகும், இங்கே ஒரு சதுர மீட்டருக்கு நாலு நாளைக்கு ஒன்று. அவ்வளவு ஆழம் தோண்டிய பலனைக் காலணித் தூசி கெடுத்துவிடும். அதனால் ஆய்வகம் முழுக்கவே சுத்த அறை; ஒரு கன அடிக் காற்றில் அரை மைக்ரான் துகள் 2000-க்கு மேல் போகக் கூடாது. சாமான்களுக்கும் குளியல் உண்டு, அந்த இடத்துக்குப் பெயரே ‘கார் வாஷ்’. இரண்டு உறை பிளாஸ்டிக்கில் சுற்றி அனுப்புங்கள், வெளியுறையை அங்கே கழற்றிவிடலாம். அட்டைப்பெட்டி வேண்டாம், தூள் உதிரும்.

பெரிய குகை 22 மீட்டர் அகலம், 34 மீட்டர் உயரம், பீப்பாய் வடிவம். கூர்மையான மூலை இருந்தால் பாறையின் அழுத்தம் அங்கே குவிந்து பாறை வெடித்துச் சிதறும். போல்ட், கேபிள், கம்பி வலை, தெளிப்புக் கான்கிரீட் எல்லாம் சேர்ந்துதான் சுவரைப் பிடித்து நிறுத்துகின்றன.

நடுவில் 12 மீட்டர் விட்டமுள்ள அக்ரிலிக் கோளம். முழுசாகக் கேஜில் இறங்காது என்பதால் 122 துண்டுகளாகக் கொண்டுவந்து கீழேயே ஒட்டினார்கள். முதலில் உள்ளே 1000 டன் கன நீர், அதாவது ஹைட்ரஜனின் கனமான வகை சேர்ந்த நீர். வெளியே சுற்றியிருந்த சாதாரண நீரைவிட அது எடை கூடியது, கோளம் கீழே இழுத்தது. கயிறு கட்டி மேலிருந்து தொங்கவிட்டார்கள். 2015-இல் கனடிய இயற்பியலாளர் ஆர்தர் மெக்டொனால்டுக்கு நோபல் பரிசு வாங்கித் தந்த நியூட்ரினோ ஆய்வு நடந்தது அதில்தான்; நியூட்ரினோ என்பது எதிலும் எளிதில் மோதாமல் ஊடுருவிப் போகும் நுண்துகள். இப்போது உள்ளே இருப்பது நீரைவிட லேசான ஒளிரும் எண்ணெய். கோளம் மேலே மிதக்கப் பார்க்கிறது! அதனால் உச்சியில் கயிற்று வலை போர்த்தி, குகையின் தரையோடு சேர்த்து இழுத்துக் கட்டியிருக்கிறார்கள்.