குக்ரிக்காரர்களைத் தேடிச் சேர்த்த கதை

குளச்சல் பக்கத்து அண்ணன் ஒருவர் கடற்படைப் போர்க்கப்பலான ஐ.என்.எஸ். குக்ரியில் எங்கள் குவார்ட்டர்மாஸ்டர். காலையில் அவர் ஊதும் பைப், அதாவது கடற்படை விசில் சத்தத்தில்தான் நாங்கள் எழுந்திருப்போம். 2022-ல் அவர் இறந்துபோனார். அது எனக்குத் தெரிய வந்தது பத்து மாதம் கழித்து, வேறு யாரோ ஒருவரின் கல்யாண வீட்டில். மூன்று வருஷம் ஒரே மெஸ்ஸில் சாப்பிட்டுப் படுத்த மனிதர். அவர் சவப்பெட்டிக்கு ஒரு மாலை போட எங்களில் ஒருத்தர்கூடப் போகவில்லை. அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

விடிந்ததும் ஒரு நோட்டை எடுத்து, எங்கள் காலத்தில் கப்பலில் இருந்த தமிழ் ஆட்களின் பெயர்களை எழுத ஆரம்பித்தேன். அங்கே ஆரம்பித்தது 2024 டிசம்பர் 9 அன்று குஜராத்தை ஒட்டிய டையூ கடற்கரையில் போய் நின்றது. வேறு கப்பல்காரர்களும் இப்படிச் செய்ய நினைத்தால் உதவட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதலில் கப்பலைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். குக்ரி என்ற பெயரில் நம் கடற்படையில் இரண்டு கப்பல்கள் இருந்தன. முதல் குக்ரி, 1971 போரில் பாகிஸ்தானின் ஹாங்கோர் நீர்மூழ்கி அடித்து மூழ்கடித்த ஃபிரிகேட் ரகப் போர்க்கப்பல். நாள் டிசம்பர் 9, இரவு ஏறக்குறைய எட்டே முக்கால். டையூவுக்கு அப்பால் ஆழ்கடலில், டார்பிடோ பட்ட சில நிமிடங்களிலேயே கப்பல் போய்விட்டது. இறந்தவர்கள் 18 அதிகாரிகள், 176 மாலுமிகள், ஆக 194 பேர். பிழைத்தவர்கள் 67 பேர். கேப்டன் மகேந்திர நாத் முல்லா தன் லைஃப் ஜாக்கெட்டை இன்னொருவருக்குக் கொடுத்துவிட்டுக் கப்பலோடேயே போனார். அவருக்கு மகா வீர் சக்ரா கொடுக்கப்பட்டது.

இரண்டாவது குக்ரி எங்களுடையது. மும்பை மசகான் டாக் கப்பல் தளத்தில் கட்டிய ஏவுகணைக் கார்வெட் (சிறிய போர்க்கப்பல்), 1989 ஆகஸ்ட் 23-ல் சேவைக்கு வந்தது. பழைய கப்பலின் எண் எஃப்149, எங்கள் கப்பலுக்கு பி49. 1971-ல் முதல் குக்ரியோடு ஒரே ஸ்குவாட்ரனில் (கப்பல் அணியில்) இருந்தவை கிர்பான், குதார். எங்கள் வகுப்புக் கப்பல்களுக்கும் அதே பெயர்களையே வைத்தார்கள். நான் 1993-ல் எலக்ட்ரிகல் மெக்கானிக்காகச் சேர்ந்தபோது, முதல் வாரமே ஒரு பெட்டி ஆபிசர் (மூத்த மாலுமி) எங்களை உட்கார வைத்து அந்த 194 பேரின் கதையைச் சொன்னார். "இந்தப் பேரைப் போட்டுக்கிட்டு நடக்கிறீங்க, பார்த்து நடங்க" என்றார். அதை நான் மறக்கவே இல்லை.

எங்கள் கப்பல் ஓடியது 32 வருஷம், 28 கமாண்டிங் ஆபிசர்கள், 6,44,897 கடல் மைல். 2021 டிசம்பர் 23 அன்று விசாகப்பட்டினத்தில் சூரியன் மறையும் நேரத்தில் கொடியை இறக்கினார்கள். 2022 ஜனவரி 26-ல் அருங்காட்சியகமாக்க டையூ நிர்வாகத்திடம் கப்பலைக் கொடுத்தார்கள். கப்பலுக்கு ஒரு இடம் கிடைத்துவிட்டது. ஆட்களைத்தான் யாரும் சேர்த்து வைக்கவில்லை.

தேடுவது சுலபம் என்று நினைத்தேன். இல்லை. காரணம், எங்களில் பாதிப் பேருக்கு ஒருத்தர் இன்னொருத்தரின் முழுப்பெயரே தெரியாது. தேனி, காரைக்குடி, சின்ன ஆத்தூர், பெரிய ஆத்தூர் என்று ஊர்ப் பெயரில்தான் கூப்பிட்டுக்கொள்வோம். வடநாட்டுப் பையன்களுக்கு நாங்கள் எல்லோருமே அண்ணா. என்னிடம் இருந்தது 1995-ல் எடுத்த ஒரு குரூப் போட்டோ மட்டும். முகம் ஞாபகம் இருக்கிறது, பெயர் இல்லை. காரைக்குடிக்குப் போய் "காரைக்குடி வீடு எது" என்று யாரிடம் கேட்பது?

மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்குப் போனேன். அடுத்தவர் விலாசத்தைக் கொடுக்க முடியாது என்றார்கள். அது நியாயம்தான். ஆனால் ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தால் நோட்டீஸ் போர்டில் ஒட்டுகிறோம் என்றார் அங்கிருந்த உதவியாளர். அந்த ஒரு வார்த்தை எனக்கு வழி காட்டியது. கப்பல் பெயர், பி49 என்ற எண், வருஷம், போட்டோவின் நகல், என் போன் நம்பர் எல்லாவற்றையும் ஒரே தாளில் போட்டு நாற்பது பிரதி எடுத்தேன். மிலிட்டரி கேன்டீன், முன்னாள் படைவீரர்களுக்கான இ.சி.எச்.எஸ். பாலிகிளினிக், எங்கெல்லாம் அனுமதி கிடைத்ததோ அங்கெல்லாம் ஒட்டினேன்.

ஒட்டிவிட்டு வீட்டில் உட்கார்ந்தால் ஒருத்தர்கூட வரமாட்டார்கள், நாமும் போய் உட்கார வேண்டும். நான் கண்டுகொண்ட நல்ல மாதம் நவம்பர். நிறைய ஓய்வூதியர்கள் ஆயுள் சான்று கொடுக்க அந்த மாதத்தில் வெளியே வருவார்கள். பாலிகிளினிக்கில் மருந்து வாங்கும் வரிசைக்குப் பக்கத்தில் ஒரு வாரம் தினமும் போட்டோவை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். மூன்றாம் நாள் ஒரு பெரியவர் போட்டோவை வாங்கிக் கண்ணுக்கு அருகில் கொண்டுபோனார். விரலை ஒரு முகத்தில் வைத்தார். "இது நான்" என்றார். கப்பலின் இன்ஜின் பக்கம் வேலை பார்த்த எங்கள் ஸ்டோக்கர்! ஆள் பாதியாக இளைத்திருந்தார். அவரிடம் ஆறு பேரின் நம்பர் இருந்தது, அந்த ஆறு பேரிடம் இன்னும் ஒன்பது. அப்புறம் வேலை தானாக ஓடியது. ஒரு வருஷத்தில் போட்டோவில் இருந்த தமிழ் ஆட்கள் 27 பேரில் 23 பேர் யாரென்று தெரிந்துவிட்டது. அவர்களில் 9 பேர் உயிரோடு இல்லை.

அந்த ஒன்பது வீடுகளுக்கும் நேரில் போவது என்று முடிவு செய்தோம். போனில் துக்கம் விசாரிப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. முதலில் குளச்சல் பக்கம் போனோம்.

அண்ணி எங்களைப் பார்த்துக் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. பிறகு, "அவரு போனப்ப நேவியிலேருந்து யாராவது வருவாங்கன்னு வாசலையே பாத்துட்டு இருந்தேன், தம்பி" என்றார். பதில் சொல்ல எங்களால் முடியவில்லை.

பேச்சுவாக்கில்தான் தெரிந்தது, அவருக்குக் குடும்ப ஓய்வூதியமே வரவில்லை. அண்ணன் கல்யாணமானபோது கப்பலில் கொடுத்த விவரத்தில் அண்ணியின் ஞானஸ்நானப் பெயர் இருந்தது. ஆதாரிலும் வங்கிக் கணக்கிலும் வீட்டில் கூப்பிடும் பெயர். இரண்டும் ஒரே ஆள் என்று சொல்ல ஒரு தாளும் இல்லை. விண்ணப்பம் இரண்டு முறை திரும்பி வந்துவிட்டது. ஏன் திருப்பினோம் என்று விளங்கும்படி யாரும் சொல்லவும் இல்லை. மகன் வெளிநாட்டில். அண்ணி மீன் விற்றுக்கொண்டிருந்தார்.

எங்கள் குழுவில் கணக்கர் வேலை பார்த்த ஒருவர் இந்தப் பொறுப்பை எடுத்துக்கொண்டார். பங்குத் தந்தையிடம் ஞானஸ்நானச் சான்றும் கோயிலில் நடந்த திருமணத்தின் பதிவும் வாங்கினோம். இரண்டு பெயரும் ஒருவருடையதே என்று தாசில்தாரிடம் ஒரு சான்று, நோட்டரி முன் ஒரு உறுதிமொழிப் பத்திரம். அண்ணனின் சர்வீஸ் எண், பி.பி.ஓ. (ஓய்வூதிய ஆணை) எண், இறப்புச் சான்று, இருவரும் சேர்ந்து எடுத்த பழைய போட்டோ. எல்லாவற்றையும் வரிசையாக அடுக்கி, மேலே ஒரு பக்கத்தில் எது எதற்கு என்று எழுதி, மாலுமிகளின் ஆவணங்களைப் பார்க்கும் மும்பை அலுவலகத்துக்குப் பதிவுத் தபாலில் அனுப்பினோம். ஸ்பர்ஷ் என்ற படைவீரர் ஓய்வூதிய இணையதளத்திலும் பதிவேற்றினோம். ஒவ்வொரு மாதமும் முதல் திங்கட்கிழமை போன் செய்து கேட்டோம். ஏழு மாதம் ஆனது. பாக்கியோடு சேர்த்துப் பணம் வந்த அன்று அண்ணி எனக்கு போன் செய்து, "வந்துட்டுது" என்று ஒரே வார்த்தை சொன்னார்.

இதைப் படிக்கிற முன்னாள் படைவீரர்கள் தயவுசெய்து இன்றைக்கே உங்கள் பி.பி.ஓ.வை எடுத்துப் பாருங்கள். அதில் மனைவியின் பெயரும் பிறந்த தேதியும் ஆதாரில் உள்ளபடி எழுத்து மாறாமல் இருக்கிறதா? இல்லையென்றால் நீங்கள் இருக்கும்போதே திருத்திவிடுங்கள். நீங்கள் கையெழுத்துப் போட்டு முடிக்கிற வேலை அது. நீங்கள் இல்லாதபோது அது அவர்களுக்கு மலை.

டையூ யோசனையைச் சொன்னது ஸ்டோக்கர்தான். "நம்ம ஒன்பது பேருக்கும், அந்த 194 பேருக்கும் சேர்த்தே செய்யலாம், ஒரே பேரு சுமந்தவங்கதானே" என்றார். பதினொரு பேர் கிளம்பினோம். அண்ணியும் வந்தார். டிசம்பர் 6 காலை சென்னையிலிருந்து நவஜீவன் எக்ஸ்பிரஸ். மறுநாள் சாயங்காலம் அகமதாபாத், அங்கிருந்து ராத்திரி ரயிலில் வேராவல், பிறகு கோடினார், ஊனா வழியாக வேன். வயதானவர்களோடு போகிறவர்கள் வேராவலில் அரை நாள் ஓய்வெடுங்கள். நாங்கள் எடுக்காமல் போனதில் இருவருக்குக் கால் வீங்கிவிட்டது.

ரயிலில் ஒரு வேலை செய்தோம். 194 பெயர்களின் பட்டியலை அச்சடித்துக் கொண்டுபோயிருந்தோம். பெரும்பாலும் நம் நாக்குக்குப் பழகாத வடநாட்டுப் பெயர்கள். தப்பாக வாசித்தால் அந்த மனிதருக்கு மரியாதை இல்லை. அதனால் ஆளுக்குப் பதினெட்டு, இருபது பெயர் என்று பிரித்துக்கொண்டு வாய்விட்டுப் படித்துப் பழகினோம். எதிர் இருக்கையில் ஒரு ராஜஸ்தான்காரர், தரைப்படையில் இருந்து ஓய்வு பெற்றவர். என்ன ஏது என்று கேட்டுவிட்டு, எங்கள் உச்சரிப்பை ஒவ்வொன்றாகத் திருத்திக் கொடுத்தார். இறங்கும்போது பட்டியலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

டையூவில் கடலைப் பார்த்த ஒரு சின்னக் குன்றின் மேல் இருக்கிறது நினைவுச் சின்னம். கண்ணாடிப் பெட்டிக்குள் முதல் குக்ரியின் மாதிரி. 1999 டிசம்பரில் திறந்தார்கள். நாங்கள் சாயங்காலம் போய் மலர்வளையம் வைத்தோம். கப்பல் மூழ்கிய இடத்துக்கே படகில் போய்ப் பூப்போட வேண்டும் என்று சிலருக்கு ஆசை. அது கரையிலிருந்து வெகுதூரம், எங்கள் வயதுக்கும் அனுமதிக்கும் ஒத்துவராது. கரையே போதும் என்று முடிவு செய்தோம். டையூவுக்குக் கொடுத்த எங்கள் கப்பலைப் பற்றி நான் தனியாகத்தான் எழுத வேண்டும், இங்கே நாலு வரியில் சொல்ல மனம் வரவில்லை.

இருட்டியதும் கீழே மணலில் வட்டமாக உட்கார்ந்து டார்ச் வெளிச்சத்தில் பெயர்களை வாசித்தோம். அரை மணி நேரத்துக்கு மேல் ஆனது. 194 முடிந்ததும் எங்கள் ஒன்பது. கடைசிப் பெயர் அண்ணனுடையது.

அப்போது அண்ணி மடியிலிருந்து ஒரு துணி முடிச்சை எடுத்தார். உள்ளே அண்ணனின் பைப். விரல் நீளப் பித்தளைக் குழாய், நுனியில் ஒரு சின்ன உருண்டை, உருண்டையின் மேல் துளை. அதை உள்ளங்கையில் வைத்து, விரல்களை உருண்டையின் மேல் மூடித் திறந்துதான் சத்தத்தை ஏற்றி இறக்க வேண்டும். எங்களில் ஊதத் தெரிந்தவர் தூத்துக்குடிக்காரர் ஒருவர் மட்டும், அதுவும் இருபது வருஷத்துக்கு முன்னால். முதல் தடவை வெறும் காற்றுதான் வந்தது. உதட்டைத் துடைத்துவிட்டு, விரலைக் கொஞ்சம் தளர்த்தினார். எட்டே முக்காலுக்கு 'ஸ்டில்' ஊதினார். ஒரே நீளமான உச்சஸ்தாயிச் சத்தம். கப்பலில் அது கேட்டால் யாராக இருந்தாலும் செய்கிற வேலையை விட்டு அப்படியே நிற்க வேண்டும். பதினொரு பேரும் எழுந்து அட்டென்ஷனில் நின்றோம். கால் வீங்கியவர்களும்.

திரும்பி வரும்போது அண்ணி பைப்பைச் சேலைத் தலைப்பால் துடைத்துக்கொண்டே வந்தார். துளையோரம் பச்சை பிடித்திருந்தது.

"புளி போட்டுத் தேய்ச்சிருக்கலாம், நெனப்பே இல்ல" என்றார். "அடுத்த வருசம் தேய்ச்சுக் கொண்டாறேன், தம்பி."