அம்மாவின் குருணைச் சோறு

ஜனவரி 5, 2025, ஞாயிறு

அம்மா போய் இன்றோடு நான்கு நாள். தெரு முழுக்க மார்கழிக் கோலம், எங்கள் வாசலில் மட்டும் இல்லை. அம்மா கல்மாவைத் தொடவே மாட்டாள். பச்சரிசி மாவில்தான் கோலம். "எறும்புக்கு வருஷத்துல ஒரு மாசமாவது விருந்து வேணாமா?" என்பாள். இன்று காலை அந்த இடத்தில் எறும்புகள் வெறும் சிமெண்டில் அலைந்துகொண்டிருந்தன. பார்த்துக்கொண்டே நின்றேன்.

ஒன்பது மணிக்கு மீன்கார அத்தை வந்தார். மதுரை கரிமேடு மீன் மார்க்கெட்டிலிருந்து ஞாயிறுதோறும் கொண்டுவரும் அதே பை, உள்ளே சாளைத் தலைகள். அம்மாவும் அவரும் முப்பது வருஷமாக ஒருவரையொருவர் மதினி என்று கூப்பிட்டுக்கொண்டவர்கள். அதனால் எனக்கு அவர் அத்தை. அம்மா சைவம். ஆனாலும் தெருநாய்களுக்காகக் கொல்லையில் செங்கல் அடுப்பு மூட்டி, மீன்தலை போட்டுக் குருணைச் சோறு ஆக்குவாள். ஆக்கி முடித்துத் தலைக்குக் குளித்துவிட்டுத்தான் சமையலறைக்குள் நுழைவாள்.

"துக்க வீட்ல அடுப்பு எரியக்கூடாதுதான் தாயி. ஆனா அதுகளுக்கு அது தெரியாதுல்ல" என்றார் அத்தை.

நான் பதில் சொல்வதற்குள் அப்பா எழுந்து கொல்லைக்குப் போய்விட்டார். அந்த வாடைக்காக இத்தனை வருஷம் அம்மாவிடம் கோபித்துக்கொண்டவர். "மஞ்சள் ஒரு சிட்டிகை போதும். உப்பு வேணாம். வெங்காயம் தோல்கூட விழுந்துறக் கூடாது" என்று எனக்கே சொல்லித் தந்தார்.

எங்கள் நாய் மணி எப்போதும்போல அலுமினியத் தட்டை நக்கி நக்கிச் சுவர்வரை தள்ளிக்கொண்டு போனான். தட்டு சுவரில் 'டங்' என்று மோதும். அந்தச் சத்தம் கேட்டால் அம்மா உள்ளேயிருந்தே "முடிச்சுட்டானா?" என்பாள். இன்றும் மோதியது. யாரும் எதுவும் கேட்கவில்லை.

ஜனவரி 8, புதன்

மணி வந்த கதையை எழுதி வைக்க வேண்டும். 2019 ஐப்பசி மழை. காதுக்குப் பின்னால் புண், அதில் புழு. கிட்டப் போக முடியாத நாற்றம். அம்மா புண்ணைச் சுற்றி முடியைக் கத்தரித்தாள். கற்பூரத்தைப் பொடித்துத் தேங்காய் எண்ணெயில் கரைத்துச் சொட்டுச் சொட்டாக விட்டாள். மூச்சு முட்டிப் புழுக்கள் மேலே நெளிந்து வர, புருவ முடி எடுக்கும் இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுத்துக் கொட்டாங்குச்சியில் போட்டாள். எண்ணிக்கொண்டே எடுத்தாள். நாற்பத்து மூன்று. நான் டார்ச் பிடித்தேன், பாதியில் கண்ணை மூடிக்கொண்டேன். மறுநாளே கால்நடை டாக்டரிடமும் தூக்கிக்கொண்டு போனாள். கைவைத்தியத்தோடு விட்டால் மறுபடி புழு வைக்கும் என்பது அவளுக்குத் தெரியும்.

வலி தாங்காமல் மணி அன்றைக்கு அம்மாவின் மணிக்கட்டைக் கடித்துவிட்டான். அம்மா கத்தவில்லை. குழாயடியில் உட்கார்ந்து சோப்புப் போட்டு, கடிகாரத்தைப் பார்த்துப் பதினைந்து நிமிஷம் கழுவினாள். அப்புறம் பஸ் ஏறிப் பெரியாஸ்பத்திரிக்குப் போய் ஊசி. அன்றைக்கு ஒன்று, பிறகு மூன்றாம் நாள், ஏழாம் நாள், இருபத்தெட்டாம் நாள். நான்கையும் காலண்டரில் வட்டம் போட்டு வைத்து ஒன்றுகூடத் தவறாமல் போட்டுக்கொண்டாள். பாசம் இருந்தால் மட்டும் போதும் என்று நினைக்கிறவள் இல்லை அம்மா.

தெருவில் நாய்த் தொல்லை என்று சண்டைக்கு வந்தவர்களிடமும் அவள் கோபப்பட்டதில்லை. "குட்டி போட்டுக்கிட்டே இருந்தா நமக்கும் நல்லதில்ல, அதுகளுக்கும் நல்லதில்ல" என்று சொல்லிக் கருத்தடைக்கு மனு எழுதி அவர்களிடமே கையெழுத்து வாங்கினாள். கருத்தடை செய்து, தடுப்பூசி போட்டு, பிடித்த இடத்திலேயே திரும்ப விட வேண்டும் என்று 2001லேயே விதி வந்தது என்பதை எனக்குச் சொன்னதும் அம்மாதான்.

ஜனவரி 11, சனி

அத்தை மறுபடி வந்தார். பை இல்லை, சும்மா வந்தார். அம்மா உட்காரும் திண்ணையில் ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தார்.

அத்தைக்குப் படிக்கத் தெரியாது. ஞாயிறு வியாபாரம் முடிந்ததும் இங்கே வருவார், அம்மா பேப்பர் வாசித்துக் காட்டுவாள். 2022இல் மீனாட்சியம்மன் கோயில் யானை பார்வதிக்குக் கண்ணில் புரை என்று செய்தி வந்தது. தாய்லாந்திலிருந்து டாக்டர்கள் வந்து பார்த்ததுவரை அம்மா ஒரு வரி விடாமல் வாசித்தாள். அதே சமயம் அத்தைக்கும் புரை. ஆபரேஷனுக்குப் பயந்து ஒரு வருஷமாகத் தள்ளிப் போட்டுக்கொண்டிருந்தார்.

"யானைக்கே கடல் தாண்டி வந்து பாக்குறாங்க மதினி. ஒனக்கு அண்ணா நகர்ல இருக்கு அரவிந்த் ஆஸ்பத்திரி. கெளம்பு."

கட்டுப் பிரிக்கிற வரை கூடவே இருந்தாளாம். இதுவரை எனக்குத் தெரியாது. "கட்டுப் பிரிச்சதும் மொதல்ல ஒங்கம்மா மூஞ்சியத்தான் பாத்தேன் தாயி. எம்புட்டு நரைச்சுப்போச்சுன்னு அன்னைக்குத்தான் தெரிஞ்சுச்சு" என்றார்.

ஊரடங்குச் சமயத்திலும் இவர்கள் இரண்டு பேரும்தான். 2020இல் அழகரே ஆற்றில் இறங்கவில்லை. ஓட்டல்கள் அடைத்துவிட்டதால் எச்சில் இலைகூட இல்லாமல் நாய்கள் சுருண்டு கிடந்தன. மீன் வரத்து இல்லாத அந்த நாட்களில் அத்தை ரேஷன் அரிசியைக் கொண்டுவந்து கொடுத்தார், அம்மா தயிர் ஊற்றிப் பிசைந்து வைத்தாள்.

ஜனவரி 15, புதன்

மாட்டுப் பொங்கல். எங்களுக்கு இந்த வருஷம் பொங்கல் இல்லை. அப்பா டி.வி.யைப் போட்டார், பாலமேடு ஜல்லிக்கட்டு. இரண்டே நிமிஷத்தில் அணைத்துவிட்டார்.

அம்மா பிறந்த ஊர் பாலமேட்டுப் பக்கம். தாத்தா வீட்டில் புலிக்குளம் காளை ஒன்று நின்றது. சிறுமியாக இருந்தபோது வாடிவாசல் பக்கமே போக மாட்டாளாம். காளை ஓடி வெளியேறும் பொட்டலில் கயிறும் பானையுமாகக் காத்திருப்பாள், வந்ததும் தண்ணீர் காட்ட. திமிலைத் தவிர வேறெங்கே கை வைத்தாலும் அவளுக்கு ஆகாது. டி.வி.யில் எவனாவது வாலைப் பிடித்து இழுத்தால் எழுந்து போய்விடுவாள். ஆனால் 2014இல் தடை வந்தபோதும் அழுதாள். மாமா வீட்டில் காளையை அடிமாட்டுக்குக் கொடுத்துவிட்டார்கள். "ஓட விடாதேன்னு சொன்னவங்க, விக்காதேன்னும் சொல்லியிருக்கலாம்ல" என்றாள். அவளுக்குக் கட்சி இல்லை, அந்தக் காளைதான் கணக்கு. அம்மா சொன்னதுதான் சரி என்று எனக்கும் படுகிறது.

ஜனவரி 17, வெள்ளி

பதினாறாம் நாள் காரியம். காக்கைக்குச் சோறு வைத்ததும் உடனே வந்து எடுத்தன. உறவுக்காரர்கள் கண் கலங்கினார்கள். தினமும் அந்தச் சுவரில், அந்த நேரத்தில் அம்மா வைத்துப் பழக்கியிருந்தாள். அதனால்தான் வந்தன. அதை நினைத்தபோது எனக்கு அழுகை அதிகமாகத்தான் வந்தது.

படத்துக்கு முன்னால் கற்பூரம் ஏற்றினோம். வாசல்படியில் படுத்திருந்த மணி காதை உதறிக்கொண்டு எழுந்து தெருக்கோடிக்குப் போய்விட்டான்.

ஜனவரி 21, செவ்வாய்

மளிகைக் கடைக்காரர் டிசம்பரிலேயே கொடுத்த காலண்டரில், இன்றைய கட்டத்துக்குள் அம்மா கையெழுத்து: "மணி – வெறிநாய் ஊசி. காலையில் சோறு வேண்டாம். ஆட்டோவில் வாந்தி."

சோறு போடவில்லை. அப்பாவும் நானுமாகக் கூட்டிக்கொண்டு போய் ஊசி போட்டு வந்தோம். வாந்தி எடுக்கவில்லை. வீட்டுக்கு வர பதினொன்றரை ஆனது. வந்ததும் ஆறிய குருணைச் சோற்றைத் தட்டில் கொட்டி வைத்துவிட்டுக் கை கழுவப் போனேன்.

சுவரில் தட்டு மோதியது.

"முடிச்சுட்டானா?" என்றார் அப்பா, உள்ளேயிருந்து.