அம்தாலாவின் மகன்

“அப்படியானால் ஹுத்ஹுத் என்று தலைப்பு வைக்காதீர்கள். அலிகுயோன் கதை என்று வையுங்கள், போதும்” என்றார் அந்த ஆசிரியை.

“பாடத்திட்டத்தில் ஹுத்ஹுத் என்றுதான் இருக்கிறது. தலைப்பை மாற்றும் அதிகாரம் எனக்கு இல்லை” என்றேன்.

நான் சொன்னது உண்மை. ஹுத்ஹுத் பிலிப்பைன்ஸ் மலைமக்களின் காவியப் பாடல் மரபு, அலிகுயோன் அதில் வரும் வீரன். அவர் சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “சரி, அச்சுக்குப் போகட்டும்” என்றார். தொலைபேசி உரையாடல் அத்துடன் முடிந்தது. நான்கு ஆண்டுகள் ஆகிவிட்டன. அந்த “சரி”யை எத்தனையோ விதமாக மனத்துக்குள் ஒலிக்கவிட்டுப் பார்த்துவிட்டேன். ஒருமுறை அது சம்மதம் போலக் கேட்கும். இன்னொருமுறை, பலரிடமும் சொல்லிச் சொல்லிச் சலித்துப்போன ஒருவரின் சொல்லாகக் கேட்கும்.

மணிலாவில் உயர்நிலைப் பள்ளிக்கான உலக இலக்கியப் பாடநூலைத் தொகுக்கும் வேலையில் இருந்தேன். காப்பியப் பகுதியில் பிலிப்பைன்ஸ் காவியங்களும் ஹோமரின் கிரேக்கக் காவியமான இலியட்டும் அடுத்தடுத்து வர வேண்டும். லாம்-ஆங் கதை சிக்கல் எதுவும் தரவில்லை. இலோக்கானோ மக்களின் அந்தக் காவியம் 1889-லேயே எழுத்துக்கு வந்துவிட்டது, குறுகிய செய்யுள்கள். சேவல் வீட்டைச் சரித்து நாய் அதைத் திரும்ப நிமிர்த்தும் இடம் இரண்டே பக்கத்தில் அழகாக அடங்கியது. இஃபுகாவ் மலைமக்களின் ஹுத்ஹுத்தில்தான் நான் திண்டாடினேன்.

தன் தந்தையின் பகைவரான பங்காய்வானைத் தேடி அலிகுயோன் தலிக்திகானுக்குப் போகிறான். எதிரே வந்து நிற்பவன் பங்காய்வானின் மகன் பும்பாக்காயோன். இருவரும் ஆண்டுக்கணக்கில் ஈட்டி எறிந்து பிடிக்கிறார்கள். எவனும் தோற்கவில்லை. கடைசியில் ஒருவன் தங்கையை மற்றவன் மணக்கிறான். பகை கொலையில் முடியாமல் சம்பந்தத்தில் முடியும் ஒரு வீரகாவியம்! இதை இந்த வயதுப் பிள்ளைகள் படித்தே ஆக வேண்டும் என்று கூட்டத்தில் வாதாடி இடம் வாங்கியவன் நான்தான். கிடைத்தது நான்கு பக்கம். அதற்கு மேல் போனால் ஒரு ஃபாரம், அதாவது ஓர் அச்சுத்தாள், கூடும், விலை ஏறும்.

ஆகவே வெட்டினேன். எதை வெட்டினேன் என்பதுதான் விஷயம். அலிகுயோன் பெயர் வரும்போதெல்லாம் “அம்தாலாவின் மகன் அலிகுயோன்” என்று வருகிறது. அவன் ஊர் வரும்போதெல்லாம் ஹன்னங்கா என்ற பெயர் திரும்பத் திரும்ப வருகிறது. ஒரே பக்கத்தில் ஆறேழு முறை. முதல் முறை வந்ததை விட்டுவிட்டு மற்றவற்றை எடுத்தேன். கதை ஓடத் தொடங்கியது. வேலை செய்த மாலையில் எனக்கு நிறைவாகக்கூட இருந்தது.

அந்த ஆசிரியை இஃபுகாவ் ஊரான கியாங்கான் பக்கத்துக்காரர், ஓய்வுபெற்றவர். பிரதியைச் சரிபார்த்துத் தர ஒப்புக்கொண்டிருந்தார். அவர் கேட்ட முதல் கேள்வி: “மற்றவர்கள் எங்கே?”

எனக்குப் புரியவில்லை. பொறுமையாக விளக்கினார். ஹுத்ஹுத்தை ஒருவர் மட்டும் பாடுவதில்லை. நெல் விதைப்பிலும் அறுவடையிலும், இறந்தவர் வீட்டில் இரவு விழித்திருக்கும்போதும் பாடுவது. தலைமை தாங்கிப் பாடுபவர், பெரும்பாலும் வயது முதிர்ந்த பெண், அடியைத் தொடங்கிக் கொடுப்பார். மற்றப் பெண்கள் அதைப் பற்றிக்கொண்டு பாடி முடிப்பார்கள். புதிதாக என்ன நடந்தது என்பது தலைவிக்குத் தெரியும். ஆளின் பெயரும் தகப்பன் பெயரும் ஊரின் பெயரும் எல்லோருக்கும் தெரியும். கூட்டம் சேர்ந்துகொள்வது அந்தப் பெயர்களில்தான். “நீங்கள் எடுத்தது எங்கள் பங்கை. மிச்சம் வைத்திருப்பது பாட்டியின் பங்கை மட்டும்” என்றார்.

அதன் பிறகுதான் தலைப்பைப் பற்றி அவர் சொன்னது.

என் பக்கத்து நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். ஹுத்ஹுத் மரபில் இருநூறுக்கும் மேற்பட்ட பாடல்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் நாற்பது பகுதிகள் வரை உண்டு. ஒன்றை முழுதாகப் பாட நாட்கணக்கில் ஆகும். அதை எந்தப் பாடநூலும் முழுதாகக் கொள்ளாது. எப்படியும் யாரோ ஒருவர் குறைத்தே ஆக வேண்டும். வயலில் பாடுபவர்கள் குறைந்துவருகிறார்கள் என்ற கவலையோடுதான் யுனெஸ்கோ 2001-இல் இதை மானுட மரபின் தலைசிறந்த படைப்புகளில் ஒன்றாக அறிவித்தது. நான்கு பக்கமாவது பாடநூலில் இருப்பது இல்லாததைவிட மேலல்லவா? இந்தக் கேள்விக்கு இன்றும் நான் “ஆம்” என்றே சொல்வேன்.

ஆனால் இறுதி மெய்ப்பைப் பார்த்த இரவில், அதே காப்பியப் பகுதியில் இலியட்டின் தொடக்கத்தைப் படித்தேன். “பெலேயுஸின் மகன் அக்கிலீஸ்.” இன்னும் சற்றுத் தள்ளி மறுபடியும் அக்கிலீஸ், இந்த முறை விரைந்த கால்களுடன். ஒன்றைக்கூட நான் தொட்டிருக்கவில்லை. தொடாதது மட்டுமா? ஆசிரியர் கையேட்டில் அரைப் பக்கம் புகழ்ந்து எழுதியிருந்தேன். இப்படித் திரும்பத் திரும்ப வரும் அடைமொழிகள் வாய்மொழிப் பாடகனின் கருவிகள் என்று ஹோமர் ஆய்வாளர் மில்மன் பாரி காட்டியது, அவரும் ஆல்பர்ட் லார்டும் 1930-களில் யூகோஸ்லாவியாவுக்குப் போய்ப் பாடகர்களைப் பதிவு செய்தது, அவ்டோ மெஜெடோவிச் என்ற பாடகர் 1935-இல் பன்னிரண்டாயிரம் அடிகளுக்கு மேல் ஒரே காவியத்தைப் பாடியது, எல்லாம் என் கையால் எழுதியவை. பெலேயுஸின் மகனைக் கலையென்று கொண்டாடியவன், அம்தாலாவின் மகனைக் கூறியது கூறல் என்று நீக்கியிருக்கிறேன்.

உடனே பதிலும் தோன்றியது. இலியட் பகுதி உரிமை பெற்று வாங்கிய மொழிபெயர்ப்பு. ஒரு சொல்லை மாற்றவும் ஒப்பந்தம் இடம் தராது. ஹுத்ஹுத் பகுதி நாங்களே தழுவி எழுதியது. வெட்டும் உரிமை அங்கே மட்டும்தான் இருந்தது. இந்த வாதத்தில் ஓட்டை எதுவும் இல்லை. ஆனால் ஒப்பந்தம் என்னைத் தடுக்காமல் இருந்திருந்தால் ஹோமரை வெட்டியிருப்பேனா? மாட்டேன். கை நடுங்கியிருக்கும்.

தமிழ் நண்பர்களிடம் இந்தத் தொகுப்பைப் பற்றிப் பேசினால் எல்லோரும் முதலில் கேட்பது “அங்கே ராமாயணம் உண்டாமே?” என்பதுதான். உண்டு. லானாவ் ஏரிக்கரை மரனாவ் மக்களிடம் ‘மகாராடியா லாவணா’ என்ற கதை இருக்கிறது. ராமனின் இடத்தில் மங்காந்திரி வருகிறான். லக்சமனா என்ற பெயர் அங்கே குரங்குக்குரியது. அந்தக் கதைக்கு நான் ஐந்து பக்கம் ஒதுக்கினேன். அது உரைநடைக் கதை, அதனால் எளிது என்று கூட்டத்தில் காரணம் சொன்னேன். பாதிதான் உண்மை. எனக்கு அந்தக் கதை ஏற்கெனவே காதில் இருந்தது. எங்கே நீளலாம், எங்கே திரும்பச் சொல்லலாம் என்று எனக்குத் தெரிந்திருந்தது. ஹன்னங்கா என் காதில் இல்லை.

மெய்ப்பைத் திருப்பிக் கொடுக்க இன்னும் மூன்று நாள் இருந்தது. நான் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. பெயர்களைத் திரும்பச் சேர்த்தால் பக்க அமைப்பு முழுவதும் கலையும் என்பது ஒரு காரணம். அவரே சரி என்று சொல்லிவிட்டாரே என்பது இன்னொரு காரணம். ஆசிரியர் கையேட்டில் மட்டும் ஒரு குறிப்பு சேர்த்தேன்: பெயர்களைக் கூட்டமே பாடும், மாணவர்களையும் அவ்வாறு பாடச் செய்யலாம் என்று. பாடநூலில் பாட வேண்டிய பெயர்கள் இல்லை. இதை அப்போது நான் கவனிக்கவில்லை என்று சொல்ல விரும்புகிறேன். கவனித்தேன்.

சென்ற ஆண்டு மறுபதிப்பு வந்தது. இம்முறை பக்க நெருக்கடி இல்லை. வேறொரு பாடம் நீக்கப்பட்டதில் ஒன்றரைப் பக்கம் கூடுதலாகவே கிடைத்தது. அந்த ஆசிரியையை அழைக்கத் தொலைபேசி எண்ணை எடுத்தேன், பிறகு வைத்துவிட்டேன். முதலில் நானே பார்ப்போம் என்று நீக்கிய பெயர்கள் அத்தனையையும் அவற்றின் இடத்தில் வைத்து, அலுவலகம் காலியான பிறகு வாய்விட்டு வாசித்தேன். அம்தாலாவின் மகன் அலிகுயோன். ஹன்னங்காவில், ஹன்னங்காவின் நடுவில். அம்தாலாவின் மகன் அலிகுயோன். இரண்டாம் பக்கத்திலேயே அலுப்புத் தட்டியது. ஆகவே மூன்று இடங்களில் மட்டும் பெயரைச் சேர்த்து, தலைப்பை அப்படியே விட்டு, அனுப்பிவிட்டேன்.

வாசித்தபோது அறையில் என்னைத் தவிர யாரும் இல்லை.