'விழுந்தான்' என்ற ஒரு சொல்

2024 மார்ச், மலேசியாவில் ஒரு சனிக்கிழமை இரவு. தம்பி வேலை முடிந்து மோட்டார் சைக்கிளில் வந்துகொண்டிருந்தான். பட்டணத்து முச்சந்தியில் போலீஸ் ரோட் ப்ளோக். அவன் ஓட்டி வந்த மாதிரியே ஒரு மோட்டார் காணாமல் போயிருக்கிறதாம். கிரான், அதாவது வண்டியின் உரிமைப் பத்திரம், வீட்டில் இருக்கிறது, அக்காவைக் கூப்பிட்டால் கொண்டு வருவார் என்று சொல்லியிருக்கிறான். போனைப் பிடுங்கிக்கொண்டு அவனைப் பாலாய்க்கு, அதாவது போலீஸ் நிலையத்துக்கு, ஏற்றிப் போய்விட்டார்கள்.

மறுநாள் காலை ஒட்டுக்கடை அண்ணன் சொல்லித்தான் எங்களுக்கே தெரியும். அம்மா செம்பனைக் காட்டில் உதிரிப்பழம் பொறுக்கப் போகிறவர். கேட்டதும் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். 2009 ஜனவரியில் தடுப்புக் காவலில் இறந்துபோன குகனின் படங்களைத் தமிழ்ப் பத்திரிகையில் பார்த்தவர் அவர். எங்கள் தோட்ட லயத்து வீடுகளில் அந்தப் பெயரைத் தெரியாத வீடு இல்லை.

ஒருவரைப் பிடித்தால் ஏன் பிடித்தோம் என்று சொல்ல வேண்டும், உறவினருக்கும் வழக்கறிஞருக்கும் தகவல் சொல்ல விட வேண்டும். குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 28ஏ பிரிவு அது. அன்றைக்கு எனக்கு இதெல்லாம் தெரியாது. தோட்ட ஆபீசில் கிராணி, அதாவது குமாஸ்தா வேலை பார்ப்பதால் மலாய் தெரியும், விண்ணப்பப் பாரம் நிரப்பத் தெரியும், அவ்வளவுதான். கூட வேலை செய்யும் ஒருவர் தேசிய சட்ட உதவி அறவாரியத்தைக் கூப்பிடச் சொன்னார். கைதானவர்களுக்கு இலவசமாக வழக்கறிஞர் அனுப்புவார்கள். ஒரு பெண் வழக்கறிஞர் வந்தார்.

24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்தியாக வேண்டும். நிறுத்தினார்கள். மோட்டார் திருட்டு என்றால் முதல் தடவை 4 நாளுக்கு மேல் ரிமாண்ட் கேட்க முடியாது. மூன்று நாள் கொடுத்தார்கள். யாராவது அடித்தார்களா என்று மாஜிஸ்திரேட் கேட்டபோது தம்பி தலையை ஆட்டி இல்லை என்றான். அடித்தவர் பக்கத்தில்தான் நின்றார் என்று பிறகு சொன்னான். அவனைக் கோபித்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை.

புதன்கிழமை ஜாமீனில் விட்டார்கள். வீட்டுக்கு வந்தவன் நான் பேசப் பேச முகத்தைத் திருப்பித் திருப்பி வலது காதைக் காட்டினான். இடது காதில் ஒரே இரைச்சல் என்றான். அன்று மாலையே அரசாங்க மருத்துவமனைக்குக் கூட்டிப் போனேன். டாக்டர் சின்ன விளக்குக் கருவியைக் காதுக்குள் விட்டுப் பார்த்தார். பிறகு ஒரு தாளில் வட்டம் போட்டு, அதன் கீழ்ப்பக்கம் ஒரு பயறு அளவுக்குக் கறுப்பாகத் தீட்டி, "காது ஜவ்வில் இங்கே ஓட்டை" என்றார். கன்னத்தில் ஓங்கி அறைந்தால் இப்படி ஆகும் என்றார். அந்தத் தாளையும் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

அறைந்ததைப் பற்றிப் போலீஸ் ரிப்போர்ட் போட, தம்பியைப் பிடித்துப் போன பாலாய்க்கே போக வேண்டியதில்லை. எந்தப் பாலாயிலும் போடலாம். பக்கத்துப் பட்டணத்துக்குப் போனோம். அங்கே இருந்த தமிழ்க் கார்ப்பரல் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். "தங்காச்சி, சின்ன விசயம். தம்பிக்கு வேலை இருக்கு, கேஸ் இன்னும் முடியல. யோசிச்சுக்குங்க" என்றார். யோசித்துத்தான் வந்தோம் அண்ணே என்றேன். தட்டச்சு செய்து நீட்டினார். மலாயில் எல்லாம் சரியாகத்தான் இருந்தது, ஒரு சொல்லைத் தவிர. 'லோக்காப்பில் ஜாத்துஹ்' என்று இருந்தது. லோக்காப் என்றால் காவல் அறை, ஜாத்துஹ் என்றால் விழுந்தான். தம்பி தமிழில் சொன்னது, "அறைஞ்சாங்க". அதற்கு மலாயில் 'டித்தம்பார்' என்று இருக்க வேண்டும்.

தம்பி பேனாவை எடுத்துவிட்டான். நான் அவன் கையைப் பிடித்துக்கொண்டேன். அரை மணி நேரம் நின்றோம். பின்னால் வரிசை நீண்டது, ஒரு அம்மா பெருமூச்சு விட்டார், எனக்குக் கால் நடுங்கியது. கடைசியில் திருத்தி அடித்துக் கொடுத்தார். அந்தத் தாள்தான் பிறகு போன எல்லா இடத்துக்கும் எங்களோடு வந்தது. 'விழுந்தான்' என்று கையெழுத்துப் போட்டிருந்தால் டாக்டர் போட்ட வட்டம் எதற்கும் உதவியிருக்காது.

பிறகு விசாரணை அதிகாரி வாக்குமூலம் எடுத்தார். அதே நடைமுறைச் சட்டத்தின் 112 பிரிவில் எடுக்கும் வாக்குமூலத்தை, நாம் எந்த மொழியில் சொன்னோமோ அந்த மொழியிலேயே வாசித்துக் காட்டி, திருத்த இடம் கொடுத்து, அப்புறம்தான் கையெழுத்து வாங்க வேண்டும். வழக்கறிஞர் இதை முன்பே சொல்லி வைத்திருந்தார். அம்மாவின் வாக்குமூலத்துக்கு இதைக் கேட்டபோது அதிகாரி முகம் சுளித்தார், ஆனால் மொழிபெயர்ப்பாளரை வரவழைத்தார். அம்மா இரண்டு இடத்தில் திருத்தினார். வெளியே வந்ததும், "நான் சொன்னதத்தான் எழுதியிருக்காங்க" என்றார். அவருக்கு அதுவே பெரிய விஷயமாக இருந்தது.

புகார் இரண்டு இடத்துக்கு அனுப்பினோம். ஒன்று போலீஸ் படையின் சொந்த நேர்மைப் பிரிவான ஜிப்ஸ். மற்றது ஐபிசிசி எனும் சுயேச்சை போலீஸ் நடத்தை ஆணையம். இரண்டிலும் தேதி, நேரம், வண்டி எண், தம்பி பார்த்த கேமரா எந்த மூலையில் இருந்தது என்பது வரை எழுதி, அந்தப் பதிவை அழிக்காமல் வைக்கச் சொல்லிக் கேட்டோம். கேமராப் பதிவு கிடைத்ததா என்று இன்றுவரை யாரும் சொல்லவில்லை.

ஐபிசிசி பற்றி என் மனதில் உள்ளதைச் சொல்லியாக வேண்டும். 2005இல் முன்னாள் தலைமை நீதிபதி துன் முகமட் டிசைடின் தலைமையிலான அரச விசாரணை ஆணையம் 125 பரிந்துரைகள் கொடுத்தது. போலீஸ் மீதான புகார்களை விசாரித்துத் தண்டிக்கும் சுயேச்சை அமைப்பு வேண்டும் என்பது அதில் முக்கியமானது. அப்போது என் தம்பிக்கு மூன்று வயது. 2023 ஜூலை 1ஆம் தேதி நடப்புக்கு வந்த ஆணையத்துக்கோ தண்டிக்கும் அதிகாரம் இல்லை. விசாரிக்கலாம், தன் முடிவைக் கட்டொழுங்கு அதிகாரத் தரப்புக்கு அனுப்பலாம். எங்களிடம் பேசிய அதிகாரி பொறுமையாகத்தான் கேட்டார், இரண்டு மணி நேரம் எழுதினார். அவர் மீது குறை இல்லை. அவர் கையில் கொடுத்திருக்கும் சட்டம் பாதிதான். பதினெட்டு வருசம் காத்திருந்தது இதற்கா என்று கோபம் வருகிறது.

ரிப்போர்ட் போட்டு நான்கு வாரம் கழித்து, விசாரணை எந்த நிலையில் இருக்கிறது என்று எழுத்தில் கேட்கலாம், இரண்டு வாரத்துக்குள் பதில் தர வேண்டும். அதே சட்டத்தின் 107ஏ பிரிவு அது. கேட்டேன், பதில் வரவில்லை. அதையே சொல்லி அரசு வழக்கறிஞர் அலுவலகத்துக்கு எழுதினேன். பத்தே நாளில் பாலாயிலிருந்து போன் வந்தது. விசாரணை அறிக்கை துணை அரசு வழக்கறிஞரிடம் போயிருக்கிறது என்றார்கள். எழுத்தில் கொடுங்கள் என்றேன். கொடுத்தார்கள், இரண்டு வரி.

தம்பி மீதான மோட்டார் கேஸ் கிரானைக் காட்டியதும் முடிந்துபோனது. ஜிப்ஸிலிருந்து, நடவடிக்கை எடுக்கப்பட்டது என்று ஒரு கடிதம் வந்தது. யார் மீது, என்ன நடவடிக்கை என்று அதில் இல்லை. ஐபிசிசி தன் முடிவைக் கட்டொழுங்குத் தரப்புக்கு அனுப்பியதாக எழுதியது. அரசாங்க அதிகாரிகள் மீது சிவில் வழக்குப் போட 36 மாதம்தான் கெடு. எங்களுக்கு 2027 மார்ச்சில் முடிகிறது. வழக்கறிஞர் மனுவை எழுதி முடித்துவிட்டார், மருத்துவமனையிலிருந்து முழு அறிக்கைக்காகத்தான் காத்திருக்கிறார். அதற்குக் கட்டணம் கட்டிய ரசீது, டாக்டர் வரைந்த வட்டம், திருத்தி வாங்கிய ரிப்போர்ட் எல்லாம் அம்மாவின் பழைய பிஸ்கட் டின்னில் இருக்கின்றன.

ஜவ்வு பாதி மூடியிருக்கிறது. அடுத்த மாதம் மறுபடி சோதனை. சாப்பிட உட்காரும்போது அம்மா இப்போதெல்லாம் அவனுக்கு வலது பக்கமாகத்தான் உட்காருகிறார்.