வீக்கம் வடிய ஒரு ஊசி

"டாக்டர், வீக்கம் வடியற மாதிரி ஒரு ஊசி போட்டுட முடியாதா?"

கால்நடை மருத்துவராக நான் அதிகம் கேட்ட கேள்விகளில் இது ஒன்று. கேட்பவர் கையில் பெரும்பாலும் ஒரு கோழி இருக்கும். கொண்டை கறுத்து, தாடி நீர் கோத்துத் தடித்து, இமைகள் வீங்கிக் கண் மூடியிருக்கும். கால் செதில்களுக்கு அடியில் ரத்தம் கட்டிய சிவப்புத் திட்டுகள் தெரியும். இவ்வளவு வெளிப்படையான வீக்கத்தைப் பார்த்தால் அதைக் குறைக்கத்தான் யாருக்கும் முதலில் கை போகும். எனக்கும் போனது.

வேலைக்குச் சேர்ந்த புதிது. ஒரு முட்டைக்கோழிப் பண்ணையில் அன்று காலை 7 கோழிகள் செத்திருந்தன. வேறு சிலவற்றுக்கு முகம் வீங்கியிருந்தது, மூக்கில் நீர் வடிந்தது. கோழிகளுக்குப் பாக்டீரியாவால் வரும் கொரைசா என்ற சளி நோய் என்று முடிவு செய்தேன். முகவீக்கமும் சளியும் அந்த நோயிலும் வரும் என்பதால் அந்த முடிவு அப்போது சரியாகவே தோன்றியது. ஆன்டிபயாட்டிக்கும் வீக்கம் குறைக்கும் மருந்தும் குடிநீரில் கலந்து கொடுக்கச் சொல்லி, பண்ணைப் பதிவேட்டில் அளவை எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தேன்.

மறுநாள் போனபோது முதலில் உறைத்தது சத்தம் இல்லாததுதான். ஆயிரக்கணக்கான கோழிகள் உள்ள கொட்டகை ஒருநாளும் அமைதியாக இருக்காது. தீவனம் தொட்டியில் அப்படியே கிடந்தது. முட்டைகள் குறைந்திருந்தன, இருந்தவற்றில் பல ஓடில்லாமல் தோலாக இருந்தன. மருந்து கலந்த தண்ணீரும் குறையவே இல்லை. நோய் முற்றிய கோழி தண்ணீர் குடிக்காது என்ற சின்ன விஷயம்கூட அன்றுதான் எனக்குப் புரிந்தது. மூன்றாம் நாள் செத்தவற்றை எண்ணி முடிக்க முடியவில்லை. அன்றுதான் மூச்சுக்குழாயிலும் கழிவுத்துளையிலும் பஞ்சுக்குச்சியால் மாதிரி எடுத்துப் பனிக்கட்டிப் பெட்டியில் ஆய்வகத்துக்கு அனுப்பினேன். பறவைக் காய்ச்சல் வைரஸின் எச்5 வகை என்று முடிவு வந்தது.

நான் வீக்கத்துக்கு மருந்து கொடுத்துக் காத்திருந்த அந்த இரண்டு நாளும் வேலையாட்கள் ஒரு கொட்டகையிலிருந்து இன்னொன்றுக்குப் போய்வந்தார்கள். முட்டை அட்டைகள் வண்டியேறின. நினைத்தால் இன்னும் வயிற்றைப் பிசைகிறது.

அந்த வீக்கம் எங்கிருந்து வருகிறது என்பதைப் பிறகுதான் ஒழுங்காகப் படித்தேன். இந்த வைரஸ் செல்லுக்குள் நுழைய வேண்டுமானால், அதன் மேற்பரப்பில் உள்ள ஹீமக்ளூட்டினின் என்ற புரதத்தை ஒரு நொதி வெட்டித் தர வேண்டும். வீரியம் குறைந்த வகைகளுக்கு அந்த நொதி சுவாசப் பாதையிலும் குடலிலும்தான் கிடைக்கும், அதனால் நோய் அங்கேயே நின்றுவிடும். எச்5, எச்7 வகைகள் சிலவற்றில் அந்த வெட்டுமிடத்தில் கார அமினோ அமிலங்கள் வரிசையாகச் சேர்ந்துவிடுகின்றன. அப்புறம் ஃபியூரின் என்ற நொதியே அதை வெட்டிவிடும். ஃபியூரின் உடம்பு முழுக்க இருக்கிறது. கோழியில் இந்த வைரஸ் ரத்தக்குழாய்களின் உட்சுவரிலேயே பெருகுகிறது. சுவர் சிதைந்து நீரும் ரத்தமும் கசிகின்றன. கூடவே நோய் எதிர்ப்புச் செல்கள் அழற்சிப் புரதங்களைக் கட்டுப்பாடில்லாமல் வெளிவிடுகின்றன. கொண்டையில் நாம் பார்ப்பது அந்தக் கசிவின் ஒரு ஓரம்தான். இதயத்தைச் சுற்றியுள்ள கொழுப்பிலும் முன்னிரைப்பையிலும் ஊசிமுனை போல ரத்தப் புள்ளிகள் இருக்கும், கணையம் திட்டுத்திட்டாக அழுகியிருக்கும். சில கோழிகள் இவையெல்லாம் உருவாகும் முன்பே செத்துவிடும்.

வாத்துகள் பல நேரம் இதே வைரஸைச் சுமந்துகொண்டு சாதாரணமாக நீந்துவதைப் பார்த்து ஆச்சரியப்பட்டிருக்கிறேன். வைரஸின் ஆர்என்ஏவை முதலிலேயே மோப்பம் பிடிக்கும் ஆர்ஐஜி-1 என்ற மரபணு வாத்துக்கு உண்டு, கோழிக்கு இல்லை என்று 2010-ல் ஒரு ஆய்வு வந்தது. அதைப் படித்த அன்று அந்தப் பண்ணைக் கோழிகளைத்தான் நினைத்துக்கொண்டேன். தொடக்கத்திலேயே எச்சரிக்கை கிடைக்காத உடம்பு, காலம் கடந்து மொத்தமாகக் கொந்தளிக்கிறது.

அந்தக் கொந்தளிப்பை ஸ்டீராய்டு கொடுத்து அடக்கினால் என்ன? இளைய மருத்துவர்கள் இதைக் கேட்கிறார்கள், நியாயமான கேள்விதான். ஸ்டீராய்டு வைரஸைத் தொடாது, வைரஸோடு போராடும் கொஞ்சநஞ்ச எதிர்ப்பையும் குறைத்துவிடும். ஒருவேளை கோழி இன்னும் இரண்டு நாள் கூடுதலாக நின்றாலும், அந்த இரண்டு நாளும் எச்சத்திலும் மூச்சிலும் வைரஸைக் கொட்டிக்கொண்டே நிற்கும். வைரஸ் எதிர்ப்பு மருந்தையும் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். 1983-ல் பென்சில்வேனியாவில் எச்5என்2 பரவிய பிறகு, ஆய்வகத்தில் அமன்டடின் என்ற வைரஸ் எதிர்ப்பு மருந்தைக் குடிநீரில் கலந்து கோழிகளுக்குக் கொடுத்தார்கள். முதலில் பலன் தெரிந்தது. சில நாட்களிலேயே மருந்துக்கு அடங்காத வைரஸ் உருவாகி, பக்கத்துக் கோழிகளுக்கும் பரவியது. அதே மருந்து மனிதர்களுக்கும் தேவைப்பட்டது என்பதையும் சேர்த்து யோசிக்க வேண்டும். 1997-ல் ஹாங்காங்கில் எச்5என்1 தொற்றிய 18 பேரில் 6 பேர் இறந்துபோனார்கள்.

வீரியம் குறைந்த எச்9என்2 போன்ற வகை என்று ஆய்வகம் உறுதி செய்த மந்தைக்கு நம்மால் நிறையவே செய்ய முடியும். அங்கே வைரஸைவிடப் பின்னால் வரும் ஈ.கோலை போன்ற பாக்டீரியாக்கள்தான் பெரும்பாலும் கோழியைச் சாய்க்கின்றன. பறவைகளின் சீழ் நம்முடையது போல வழிந்து ஓடாது, கட்டிப்பட்டுப் பாலாடைக்கட்டி போல உறைந்துவிடும். அது மூச்சுக்குழாய் இரண்டாகப் பிரியும் இடத்தில் அடைப்பாக உட்கார்ந்துவிட்டால் கோழி மூச்சுத் திணறியே செத்துப்போகும். அங்கே ஆன்டிபயாட்டிக்குக்கு வேலை உண்டு, அதுவும் எந்த மருந்துக்குக் கட்டுப்படும் என்று சோதித்த பிறகு. அதைவிட முக்கியம் கொட்டகையின் காற்றும் கூளமும். அம்மோனியா நெடி கண்ணை எரிக்கும் கொட்டகையில் எந்த மருந்தும் எடுபடாது என்பது என் அனுபவம். காற்றோட்டம், காய்ந்த கூளம், நல்ல தண்ணீர், குளிரில் கொஞ்சம் சூடு என்று பார்த்துக்கொண்ட மந்தைகள் எழுந்து தீவனம் தின்றதைப் பார்த்திருக்கிறேன்.

எச்5 உறுதியானால் மந்தையையே கொன்று அழிப்பதுதான். முகக்கவசமும் கண்ணாடியும் முழு உடையும் போட்டுக்கொண்டு நாள் முழுக்கச் செய்த அந்த வேலையைப் பற்றி அதிகம் எழுத எனக்கு மனம் வரவில்லை. வலியில்லாமல், விரைவாக முடிக்க வேண்டும் என்பதில் மட்டும் கண்ணாக இருந்தேன். அந்தக் கோழிகளுக்கு என்னால் தர முடிந்த ஒரே வைத்தியம் அதுதான் என்று அன்று தோன்றியது, இன்றும் அதையே சொல்வேன்.

இப்போது முகவீக்கம் என்று போன் வந்தால் மருந்தைப் பற்றிப் பேசுவதே இல்லை. நேற்று எத்தனை செத்தது, இன்று எத்தனை, தண்ணீர் எவ்வளவு குறைந்திருக்கிறது என்று கேட்பேன். செத்ததை அறுத்துப் பார்க்க வேண்டாம், வண்டி எதையும் வெளியே விட வேண்டாம், நான் வரும்வரை யாரும் அடுத்த கொட்டகைக்குப் போக வேண்டாம் என்பேன். சிலருக்குக் கோபம் வரும். "ஒரு மருந்துகூடச் சொல்ல மாட்டேங்கிறீங்களே" என்பார்கள்.

அந்தப் பழைய பண்ணைக்காரரிடம் ஒருநாள் போய், முதல் நாளே மாதிரி எடுத்திருக்க வேண்டும், தவறு என்னுடையது என்று சொன்னேன். அவர் ஒன்றும் பேசாமல் உள்ளே போய்ப் பதிவேட்டை எடுத்துவந்து மேசையில் வைத்தார். இறப்புக் கட்டத்தில் 7 என்று அவர் எழுதியிருந்தார். பக்கத்திலேயே என் கையெழுத்தில் மருந்தின் பெயரும் அளவும் இருந்தன.