பைத்தான் 3.12: மூன்று இயங்குதளங்களில் மூலநிரலிலிருந்து கட்டிய அனுபவம்

லினக்ஸ் வகையைச் சேர்ந்த உபுண்டு 22.04 இயங்குதளத்துடன் வருவது பைத்தான் நிரல்மொழியின் 3.10 பதிப்பு. எங்கள் குழுவிலோ உபுண்டு, மேக், விண்டோஸ் என ஆளுக்கொரு இயங்குதளம் இருந்தது. சிறு திருத்தம் செய்த 3.12 பதிப்பு எல்லோருக்கும் தேவைப்பட்டதால், மூன்றிலும் அதை மூலநிரலிலிருந்து கம்பைல் செய்யும், அதாவது கணினி இயக்கக்கூடிய வடிவுக்கு மாற்றும் பொறுப்பு என்னிடம் வந்தது.

லினக்ஸில் வேலை எளிதென்றே தோன்றும். 'கான்ஃபிகர்', 'மேக்' என்ற இரு கட்டளைகளைக் கொடுத்தால், ஜிசிசி என்ற கம்பைலர் தன் பாட்டுக்குக் கோப்புகளை ஒவ்வொன்றாகக் கம்பைல் செய்து, பிழை எதுவும் காட்டாமல் முடித்துவிடும். ஆனால் ஓப்பன்எஸ்எஸ்எல், எஸ்கியூலைட், லிப்எஃப்எஃப்ஐ போன்ற துணை நிரலகங்களின் ஹெட்டர் கோப்புகள் (கம்பைல் செய்யத் தேவையான அறிவிப்புக் கோப்புகள்) கணினியில் இல்லையென்றால், அவற்றைச் சார்ந்த மாட்யூல்களை, அதாவது பைத்தானின் உட்பகுதிகளை, விட்டுவிட்டு மற்றவற்றைக் கட்டி முடிப்பதே பைத்தானின் வழக்கம். புதிதாக நிறுவிய உபுண்டுவில் 'மேக்' ஓடி முடிந்தபோது, தேவையானவை கிடைக்காததால் கட்டப்படாத மாட்யூல்கள் என்ற அறிவிப்பின் கீழ் எஸ்எஸ்எல், சிடைப்ஸ், எஸ்கியூலைட்3, டிகேஇன்டர் எனப் பெயர்கள் வரிசையாக நின்றன. பைத்தான் தொகுப்புகள் கிடைக்கும் பைபிஐ தளத்தோடு பேசுவது எச்டிடிபிஎஸ் என்ற பாதுகாப்பான இணைப்பின் வழியே என்பதால், அந்த இணைப்புக்கு வேண்டிய எஸ்எஸ்எல் இல்லாத பைத்தானில், தொகுப்புகளை நிறுவும் 'பிப்' இருந்தும் பயனில்லை. 'டெவ்' என்று பெயர் முடியும் பொதிகளை, உபுண்டுவின் நிறுவல் கருவியான ஆப்ட் கொண்டு நிறுவியபின், 'கான்ஃபிகர்' கட்டளையிலிருந்தே மறுபடி தொடங்க வேண்டும். எந்த மாட்யூலைக் கட்டுவது என்பது அங்கேயே தீர்மானமாகிவிடுகிறது.

வேகத்துக்கான மேம்படுத்தல் தெரிவை, கட்டப்படாத மாட்யூல்களின் பட்டியல் காலியான பிறகே 'கான்ஃபிகர்' கட்டளையில் சேர்த்தேன். அது பைத்தானை ஒருமுறை கட்டி, சோதனைகளை ஓட்டி, எந்தப் பகுதி அதிகம் இயங்குகிறது என்று பதிவு செய்து, அதன்படி மீண்டும் கம்பைல் செய்வதால், நேரத்தை வெகுவாக விழுங்கும். நிறுவுவதற்கு 'இன்ஸ்டால்' என்பதற்குப் பதில் 'ஆல்ட்இன்ஸ்டால்' கொடுப்பதே நல்லது. இல்லையேல் வெறுமனே பைத்தான்3 என்று அழைக்கும்போதும் புதிய பதிப்பு முந்திக்கொள்ளும். ஆப்ட் நிறுவிய பைத்தான் தொகுப்புகளோ அதன் கண்ணில் படாது.

மேக் கணினியில், ஆப்பிளின் நிரலாக்கத் தொகுப்பான எக்ஸ்கோடின் கட்டளைவரிக் கருவிகள் போதும். ஆனால் ஓப்பன்எஸ்எஸ்எல்லின் ஹெட்டர்கள் அவற்றோடு வருவதில்லை. ஹோம்ப்ரூ என்ற நிறுவல் கருவி மூலம் அதை நிறுவி, அதன் இடத்தைக் 'கான்ஃபிகர்' கட்டளையிலேயே கொடுத்தேன். கட்டி முடித்ததும் அந்தக் கோப்புறையில் 'பைத்தான் டாட் இஎக்ஸ்இ' என்றொரு கோப்பு இருப்பதைப் பார்த்து, விண்டோஸுக்கு உரியது இங்கே எப்படி வந்தது என்று சக ஊழியர் திகைத்தார். மேக்கின் கோப்பு முறைமை இயல்பாகப் பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாடு பார்ப்பதில்லை. மூலநிரலில் ஏற்கெனவே 'பைத்தான்' என்றொரு கோப்புறை இருப்பதால், மோதலைத் தவிர்க்கவே இந்தப் பின்னொட்டு. நிறுவும்போது அது போய்விடும்.

அஞ்சியது விண்டோஸுக்குத்தான், அதுவே மிகக் குறைவாகப் படுத்தியது. விஷுவல் ஸ்டுடியோவின் சி++ கருவிகள் இருந்தால், மூலநிரலின் 'பிசிபில்ட்' கோப்புறையிலுள்ள பேட்ச் கோப்பை (கட்டளைகளின் தொகுப்பை) இயக்கினாலே போதும். ஓப்பன்எஸ்எஸ்எல், எஸ்கியூலைட், டிகே எல்லாவற்றையும் அதுவே இறக்கிக்கொள்வதால், விடுபட்ட மாட்யூல் என்ற பேச்சே எழவில்லை. நிறுவும் கட்டளைதான் அங்கே கிடையாது. மூலநிரலோடு வரும் 'லேஅவுட்' என்ற ஸ்கிரிப்டைக் கொண்டு, தேவையான கோப்புகளை மட்டும் தனிக் கோப்புறையில் எடுத்து, ஜிப் செய்து குழுவினருக்கு அனுப்பினேன்.